முடித்துவைத்த முறைப்பாடு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று வீட்டில் சொல்வார்கள். மறுக்கவில்லை. ஆனால் கொழும்பில் இருக்கிற ஒரு கம்பெனி, ஒரே லெப்டொப்பை மூன்று தடவை வாங்கி வைத்து, மூன்று தடவையும் "திருத்தியாச்சு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, மூன்று தடவையும் அது இரண்டு வாரத்தில் படுத்துவிட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? புத்தர் மாதிரி உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்ட டிவிஷனில், லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியர். வெளிவாரியாக ஒரு பட்டத்துக்குப் படித்து, பரீட்சைகளையெல்லாம் எப்படியோ தாண்டிவிட்டேன். பாக்கி இருந்தது ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரை. அந்த ஒக்டோபர் முடிவதற்குள் அதை ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் என் பதிவு காலாவதியாகிவிடும். மறுபடி முதலாம் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பும் இல்லை, வயதும் இல்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் எட்டாம் ஆண்டோடு ஏன் நின்றுபோகிறார்கள் என்பதுதான் என் தலைப்பு. நான்கு டிவிஷன்களில் லயம் லயமாக ஏறி இறங்கினேன். நாய்க்கடி ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் சாயத்தண்ணி குடித்து, கேள்வி கேட்டு, எழுதி வந்ததையெல்லாம் இரண்டு விரலால் லெப்டொப்பில் தட்டினேன். கொழும்பில் கடையில் நிற்கிற அண்ணன் ஒரு வருட வொரண்டியோடு வாங்கிக் கொடுத்த லெப்டொப் அது. நூற்றுப் பத்துப் பக்கம் சேர்ந்திருந்தது. கைக்குறிப்புக் காகிதங்களை, எல்லாம் உள்ளே ஏறிவிட்டது என்ற தைரியத்தில், அடுப்புப் பற்றவைக்க நானே அம்மாவிடம் தூக்கிக் கொடுத்தேன். பென் டிரைவில் பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று இன்றைக்குக் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: எடுத்தேன். டவுன் கொமியுனிகேஷன் கடையில் பிரின்ட் எடுக்கப் போன இடத்தில் வைரஸ் அதைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்தச் சனியனை லெப்டொப்பில் சொருக எனக்குப் பயம்.

முதலில் அது இரைந்தது. பிறகு அடியில் கை வைக்க முடியாதபடி சுட்டது. பத்து நிமிடம் ஓடும், பட்டென்று அணைந்துவிடும். எங்கள் வீட்டு வாசற்படியின் இடது ஓரத்தில் நின்றால் மட்டும் போனுக்கு சிக்னல் கிடைக்கும். ஓரடி நகர்ந்தால் போய்விடும். அந்த ஓரத்தில் ஒற்றைக்காலில் நிற்காத குறையாக நின்று கம்பெனியின் உதவி இலக்கத்துக்கு அடித்தேன். ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், சிங்களத்துக்கு இரண்டை. தமிழுக்கு இலக்கம் இல்லை. இரண்டை அழுத்தி, எனக்குத் தெரிந்த கடைச் சிங்களத்தில் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினால், பாதியில் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். அந்தப் பாட்டு முடியும்போது என் காசும் முடிந்திருக்கும்.

நாலைந்து தடவை அடித்த பிறகு தமிழ் பேசுகிற ஒரு பெண் கிடைத்தாள். கொழும்புத் தமிழ். குரல் தேன் மாதிரி.

"சொல்லுங்க சார். மெஷின ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாத்தீங்களா?"

"அது தானாவே ஓஃப் ஆகுது மிஸ். அதுதான் வருத்தமே."

"சரி சார். ஓஃப் ஆனதுக்குப் பொறகு ஓன் பண்ணிப் பாத்தீங்களா?"

அந்தப் பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. அவளுக்கு முன்னால் ஒரு தாள் இருந்திருக்கும், அதில் இருப்பதைத்தான் அவள் கேட்பாள். ஆனால் அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. "நான் என்னா பச்சப் புள்ளையா?" என்று கத்தினேன். லயமே எட்டிப் பார்த்தது. அவள் அசரவில்லை. முறைப்பாட்டு இலக்கம் ஒன்றைக் கொடுத்து, மெஷினைக் கொழும்புக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

ஹட்டனுக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்கு பஸ் பிடித்தால் ஒரு நாள் முழுதும் போய்விடும். பள்ளிக்கூடத்தில் லீவு. மூன்றாம் மாடியில் சேர்விஸ் சென்டர், உள்ளே ஏசிக் குளிர். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன் லெப்டொப்பைப் போட்டுப் பார்த்தான். சனியன், அந்தக் குளிரில் அழகாக ஓடியது. "நல்லாத்தானே ஓடுது" என்று என்னைப் பார்த்தான். பொய்யனாக நின்றேன். ஃபைல்களில் கை வைக்கக்கூடாது என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்து, சொஃப்ட்வெயர் கோளாறு, திருத்தியாச்சு என்று கொடுத்தார்கள். பதினோராம் நாள் அணைந்தது. இரண்டாம் தடவை பெட்டரியை மாற்றினார்கள். அது பதினைந்து நாள் தாங்கியது.

மூன்றாம் தடவை கொண்டுபோனபோது வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். நாட்டில் குண்டுப் பயம் நிறைந்திருந்த காலம். என் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னார். லெப்டொப்பை எடுத்து வைத்தேன். "போட்டுக் காட்டு" என்று சிங்களத்தில் சொன்னார். போட்டேன். வரவில்லை. மறுபடி அமுக்கினேன். கறுப்பாகவே இருந்தது. அவர் ஓரடி பின்னால் நகர்ந்து, இன்னொருவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "பழுது, சார், பழுது, திருத்தத்தான் கொண்டுபோறேன்" என்று சிங்களத்தில் திருப்பித் திருப்பிச் சொன்னேன். கடைசியில் கம்பெனியின் பழைய பற்றுச்சீட்டு இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். "இத்தனை தரம் திருத்தியுமா?" என்று அந்தச் சிப்பாய் கேட்டார். இந்த விவகாரம் இழுத்த எட்டு மாதத்தில் என் மேல் இரக்கப்பட்ட ஒரே அரசாங்க ஆள் அவர்தான்.

அந்தத் தடவை கம்பெனி ஒரு காரணம் கண்டுபிடித்தது. என் முகவரியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்களோ என்னவோ, தாளில் ஈரப்பதம் என்று எழுதியிருந்தார்கள். மெஷினை உலர்ந்த இடத்தில் வைக்கவும்.

உலர்ந்த இடம். இதை எழுதியவர் எங்கள் பக்கம் ஒரு ஜூலை மாதம் வந்து தங்க வேண்டும். மழைக்காலத்தில் எங்களுக்கு உப்பு தண்ணியாகும், தீப்பெட்டி உரசினால் வழுக்கும், துவைத்த சட்டை நாலாம் நாளும் ஈரம். அதனால் எந்த லயத்துக்குப் போனாலும் அடுப்புக்கு மேலே ஒரு மூங்கில் பரண் இருக்கும். கெடக்கூடாதது எல்லாம் அங்கேதான். உப்புச் சட்டி, தீப்பெட்டி, பிறப்புச் சான்றிதழ்கள் வைத்த பிஸ்கட் டின். எங்கள் வீட்டு ரேடியோ பன்னிரண்டு வருடம் அந்தப் பரணில் இருந்து செய்தி சொல்லியிருக்கிறது. லெப்டொப் வந்த முதல் நாளே அம்மா அதைத் துவாயில் சுற்றி அங்கே ஏற்றிவிட்டாள். நான் எழுதி முடித்ததும் மூடி அவள் கையில் கொடுப்பேன், அவள் ஏற்றி வைப்பாள். நானும் அதுதான் சரி என்று நினைத்தேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்னால் நான் நடந்துகொண்ட விதம் அப்படி.

ஈரம் என்று தாளில் எழுதியிருப்பதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு அவமானமாகிவிட்டது. தன் வீட்டில் ஒரு சாமான் ஈரத்தில் கெட்டது என்று கொழும்புக்காரன் எழுதிவிட்டானே. அன்றிலிருந்து துவாயை எடுத்துவிட்டாள். சூடு நேராகப் படட்டும் என்று. தேயிலைச் செடிகளை வெட்டிவிட்டிருந்த கவ்வாத்து மலையிலிருந்து நன்றாகக் காய்ந்த மிலாறாகப் பொறுக்கித் தலையில் சுமந்து வந்தாள். தேயிலைக் குச்சி காய்ந்திருந்தால் கணகணவென்று எரியும். சமையல் முடிந்த பிறகும் அரைமணி நேரம் அடுப்பை எரியவிட்டாள்.

"இப்ப காஞ்சிருக்கும்யா. தொட்டுப் பாரு, கதகதன்னு இருக்கு."

ஒன்பதாம் நாளே அது போய்விட்டது.

ஆகஸ்ட் பிறந்திருந்தது. முடிவுரையும் இரண்டு அத்தியாயங்களும் பாக்கி. எங்கள் பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாஸ்டர் ஒருவர் இருந்தார், ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதில் கெட்டிக்காரர். அவரிடம் போய், கம்பெனிக்குக் காரசாரமாக ஒரு கடிதம் வேண்டும் என்றேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நீர் சொல்லுறமாதிரி எழுதினா அவங்கள் வாசிக்க மாட்டாங்கள். வழக்குப் போடுவாங்கள். கொஞ்சம் பொறும், நான் மரியாதையா ஏசுறன்."

அவர் மரியாதையாக ஏசிய கடிதம் இரண்டு பக்கம் வந்தது. பதிவுத் தபாலில் போட்டேன். செப்டம்பர் வந்தும் பதில் வரவில்லை. உதவி இலக்கத்துக்கு அடித்தால் அந்தப் பெண், "உங்க முறைப்பாடு இன்னும் தெறந்துதான் இருக்கு சார்" என்பாள். என்னமோ கதவைத் திறந்து வைத்து எனக்காகக் காத்திருக்கிற மாதிரி.

பொறுத்தது போதும் என்று ஹட்டனுக்குக் கொண்டுபோனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரேடியோ, டீவி திருத்துகிற முஸ்லிம் கடை ஒன்று. கடைக்கார நானா லெப்டொப்பைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தார். பிறகு மோந்து பார்த்தார். வொரண்டி ஸ்டிக்கரைக் கிழிக்காமல் அடிமூடியை மட்டும் கழற்றினார். உள்ளே இருந்த சின்னக் காற்றாடி தெரியவேயில்லை. தார் பூசிய மாதிரி கறுப்பாக, பிசுபிசுவென்று கரி அப்பியிருந்தது.

"என்ன தம்பி, இதுல சோறாக்கினீங்களா?"

மூன்று கொழும்புப் பற்றுச்சீட்டையும், ஈரம் என்று எழுதிய தாளையும் எடுத்து நீட்டினேன்.

"உள்ளுக்கு முழுக்கப் புகைதான் ஈக்குது. காத்தாடி சுத்த ஏலாம சூடேறி நிக்குது. இது ஈரமில்ல. மூணு வாட்டி கொழும்புக்குக் கொண்டு போனதுல ஒருத்தனும் இதத் தொறந்து பாக்கல்ல, அல்லாவே."

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பஞ்சால் துடைத்தார். போட்டார். இரைச்சல் இல்லை, சூடு இல்லை. நூற்றுப் பத்துப் பக்கமும் அப்படியே இருந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மூன்று கொழும்புப் பயணமும், அந்தச் சிப்பாயும், தீர்ந்துபோன லீவுகளும்தான் மண்டைக்குள் ஓடின. கம்பெனிக்காரன் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தான். அம்மா வீட்டில் இருந்தாள்.

அவள் லெப்டொப்பை வாங்கிப் பரணில் வைக்கக் கையை நீட்டினாள். நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"இதக் கெடுத்ததே நீதான். புகையைப் போட்டுப் போட்டுக் கொன்னுபுட்ட. புத்தியுள்ள மனுஷி செய்யிற வேலையா இது? ஒன் கை பட்டா எதாவது வெளங்குமா? இனிமே இதத் தொடாத. என்னா நடந்தாலும் தொடாத."

அதுவரை நான் அம்மாவை நீ என்று பேசியதில்லை. பக்கத்து வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. அம்மா நீட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சரிய்யா," என்றாள். "தொடல."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த சில வாரங்கள் லெப்டொப் குதிரை மாதிரி ஓடியது, நானும் அதன் பின்னால் ஓடினேன். பரணில் ஏற்றுவதற்கு நானே அவள் கையில் கொடுத்து வந்ததை நான் வசதியாக மறந்திருந்தேன். அது இப்போது ஜன்னலோரத்து மேசையில் இருந்தது. அம்மா கூட்டும்போது மேசைக்கு ஒரு முழம் முன்னால் விளக்குமாற்றை நிறுத்திவிடுவாள். மேசைக்குக் கீழே குப்பை சேர்ந்தது. நான் அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. ஒக்டோபர் நடுவில் முடிவுரையின் கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி இருந்தது. சனிக்கிழமை டவுனுக்குப் போய் பிரின்ட் எடுப்பதாகத் திட்டம்.

வியாழக்கிழமை பெருமழை. பதினொரு மணிக்கே மலையிலிருந்து ஆட்களை இறக்கிவிட்டார்கள் போல. நான் ஆறாம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வகுப்பு வாசலில் அம்மா வந்து நின்றாள். கொழுந்து எடுக்கப் போகிறபோது மழைக்கும் ஈரத்துக்கும் கட்டுகிற படங்குச் சீலை இன்னும் இடுப்பில் இருந்தது, தலையிலிருந்து தண்ணி ஒழுகியது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் குறுக்குப் பாதையில் ஓடி வந்தாலும் இருபது நிமிடம். மூச்சு வாங்கியது.

"வீட்டுக்கு வாய்யா. தகரம் பிச்சிக்கிருச்சு. ஒன்னோட மேசைக்கு மேல ஊத்துது."

"எடுத்து உள்ள வைக்கிறதுக்கு என்னா?"

"நீதானேய்யா தொடாதேன்னு சொன்ன."

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"படங்கால மூடலாமான்னு பாத்தேன்," என்றாள். "அதுவும் தொடுறதுதானேன்னுட்டு ஓடியாந்தேன்."

நாங்கள் இருவரும் ஓடினோம். வீட்டில் ஒழுகின மற்ற இடங்களிலெல்லாம் சட்டி, பேசின், வாளி என்று வைத்திருந்தாள். அரிசி மூட்டை நனையவில்லை, என் சட்டைகள் நனையவில்லை. மேசையில் மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. லெப்டொப்பின் மூடி மேல் தண்ணி ஒரே சீராக விழுந்து கொண்டிருந்தது. தூக்கிச் சரித்தேன். சாவிகளுக்கு இடையிலிருந்து கோப்பைத் தண்ணி அளவுக்கு ஊற்றியது. சார்ஜரை வேறு காலையில் நான் கழற்றாமல் போயிருந்தேன். அமுக்கினேன். ஒன்றும் இல்லை. அது செத்துவிட்டது என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

அம்மா கதவோரத்தில் நின்றாள். உடுப்பு மாற்றவில்லை. உதடு வெள்ளையாகியிருந்தது.

"கெட்டுப் போச்சா?"

"இல்லம்மா."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான். மேல மட்டுந்தான் நனைஞ்சிருக்கு."

அவள் நம்பவில்லை. பகல் சோறு தின்னவில்லை. சாயந்தரம்வரை வாசற்படியில் உட்கார்ந்து, நான் திரும்பும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏழு வருடத்துக்கு முன்னால், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று டாக்டரின் முகத்தை அவள் அப்படித்தான் பார்த்தாள்.

நாலு மணி போல போன் அடித்தது. படியின் இடது ஓரத்துக்குப் போனேன். அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி. அந்தத் தேன் குரல்.

"சார், உங்க கடிதத்தப் பெரியவர் இப்பதான் பாத்தாரு. மிச்சம் சொரி சார். மெஷின் இன்னும் பழுதுன்னா நாளைக்கே ஹட்டனுக்கு ஆள் அனுப்பி நாங்களே எடுக்கிறோம். புது மெஷின் ஒன்னு தருவோம். பழசுல உள்ள ஃபைல் எல்லாத்தையும் மீட்டுப் பாத்து அதுல போட்டுத் தருவோம். எங்கட ஆளுங்க அதுல கெட்டிக்காரங்க சார். இன்னும் பழுதுதானே?"

எட்டு மாதம் நான் தொண்டை கிழியக் கத்திக் கேட்டது அதைத்தான். ஆம் என்று ஒரு சொல். ஓரடி நகர்ந்து போய்ச் சொல்லலாம் என்றால் சிக்னல் இல்லை. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அடித்து உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"இல்ல மிஸ். இப்ப நல்லா வேல செய்யுது."

"அப்ப முறைப்பாட்ட முடிச்சிரட்டுமா சார்?"

"முடிச்சிருங்க."

மறுநாள் டவுனிலிருந்து அடித்தேன். வேறொருவன் எடுத்தான். முடித்த முறைப்பாட்டைத் திறக்க வழியில்லை என்றான். புதிதாக ஒன்று பதியலாமே என்றேன். தட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் வொரண்டி நேற்றோடு முடிந்துவிட்டது என்றான். நான் கத்தவில்லை. ஹட்டன் நானாவிடம் கொண்டுபோனேன், அவர் உள்ளே பார்த்துவிட்டு, ஃபைல்களை எடுக்க வழியில்லை என்று மூடியைத் திருப்பிப் போட்டார். ஒக்டோபர் முடிந்தது. நான் ஒன்றும் ஒப்படைக்கவில்லை. அந்தப் பட்டம் எனக்கு இன்றுவரை இல்லை. பரீட்சைக்காரர்கள் தள்ளிப்போட்டுவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன், அவள் கண்ணை மூடும்வரை அதையே நம்பிக்கொண்டிருந்தாள்.

அதெல்லாம் பிறகு. அன்று சாயந்தரம் நான் போனைச் சட்டைப் பைக்குள் போட்டதும் அம்மா கேட்டாள்.

"யாருய்யா?"

"கம்பெனிப் புள்ளம்மா. மெஷின் நல்லா இருக்கான்னு கேட்டுச்சு."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். எழுந்து படங்குச் சீலையை அவிழ்த்துப் பிழிந்து கொடியில் போட்டாள். காலையிலிருந்து இல்லாத சிரிப்பு ஒன்று முகத்தில் வந்தது.

"நல்லவேளய்யா," என்றாள். "நான் தொடாம வந்தேன்."